ரோல் பதித்த பியானோ மேதைகள், பழைய பிலிமில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ ரோல் என்பது என்ன? அதற்கும் பழைய பிலிமுக்கும் என்ன சம்பந்தம்?

ரோல் என்பது துளையிட்ட காகிதச் சுருள். பிளேயர் பியானோவுக்குள் வரிசையாகத் துளைகள் கொண்ட பித்தளைக் கட்டை ஒன்றின்மேல் அந்தக் காகிதம் நகரும். காகிதத் துளையும் கட்டைத் துளையும் நேர்படும்போது காற்று உள்ளே நுழையும். அந்தச் சுரத்துக்குரிய சிறு துருத்தி சட்டென்று சுருங்கி, சுத்தியலைத் தந்தியின்மேல் எறியும். நம்மூர் ஹார்மோனியத்தில் துருத்தி காற்றை ஊதுகிறது, இங்கே உறிஞ்சுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். சாதாரண 88 சுர ரோலின் அகலம் 11¼ அங்குலம், அங்குலத்துக்கு 9 துளை. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1908-இல் பஃபலோ நகரில் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட அளவு அது.

இந்தச் சாதாரண ரோல் எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் சொல்லும். அழுத்தமும் மென்மையும் பெடலும் சேர்த்துப் பதியும் வகையை ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து வெல்டே நிறுவனம் 1904-இல் வெல்டே-மிக்னான் என்ற பெயரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் டியோ-ஆர்ட், ஆம்பிகோ ஆகியவை பின்தொடர்ந்தன. பெரிய பெயர்கள் பலவும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

பிலிமுடன் உள்ள சம்பந்தம் கொஞ்சம் சோகமானது. ரோல் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சினிமா ஊமை. சினிமாவுக்குப் பேச்சு வந்த சில ஆண்டுகளில் ரோல் வியாபாரம் படுத்துவிட்டது. ஆகவே ஒரே கலைஞரின் ரோலும், அவர் வாசிப்பது ஒலியோடு பதிவான படமும் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் பத்து, இருபது, முப்பது ஆண்டு இடைவெளி இருக்கும்.

யாரையெல்லாம் உண்மையிலேயே படத்தில் பார்க்கலாம்?

ஊமைப்பட காலத்தில் முக்கியமானவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ். 1905-இல் வெல்டேவுக்கு ரோல் பதித்தவர். சாஷா கித்ரி 1915-இல் எடுத்த "ஸ்யு த ஷே நூ" படத்தில் சிற்பி ரோடான், ஓவியர்கள் மோனே, ரெனுவார் ஆகியோர் வரிசையில் இவரும் வருகிறார். அந்தப் படத்துக்கு கித்ரி பிற்பாடு பேச்சு சேர்த்தார். ஆகவே ஒலி இருக்கிறதே என்று அதை 1915-ஆம் ஆண்டு ஒலியாக எண்ணிவிட வேண்டாம்.

ஒலிப்படத்தில் முந்திக்கொண்டவர் அமெரிக்க பியானோ கலைஞர் யூபி பிளேக். 1917-இலேயே ரோல் பதித்தவர். லீ டி ஃபாரஸ்டின் ஃபோனோஃபிலிம் முறையில் 1923-இல் பாடகர் நோபிள் சிஸ்ஸிலுடன் சேர்ந்து பாடி வாசித்தது, பிலிமிலேயே ஒலி பதிந்த மிகப் பழைய படங்களில் ஒன்று. நீண்ட ஆயுள் வாய்த்தவர் என்பதால் 1970-களின் தொலைக்காட்சியிலும் அவரைப் பார்க்கலாம். இளமையும் முதுமையும் ஒலியோடு கிடைக்கும் ரோல் கலைஞர் இவரைப்போல் இன்னொருவர் இல்லை என்றே சொல்லலாம்.

1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் நடந்த முதல் வைட்டாஃபோன் (ஒலியை இசைத்தட்டில் வைத்துப் படத்தோடு ஓட்டும் முறை) காட்சியில் டியோ-ஆர்ட் கலைஞர் ஹெரால்ட் பாவர், வயலின் கலைஞர் ஜிம்பலிஸ்டுடன் பீத்தோவனின் கிராய்ட்சர் சொனாட்டாவிலிருந்து ஒரு பகுதி வாசித்தார். ஜேம்ஸ் பி. ஜான்சனை 1929-இல் வந்த "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" குறும்படத்தில் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துடன் காணலாம். நூற்றுக்கு மேல் ரோல் பதித்த ஜார்ஜ் கெர்ஷ்வின், 1931 ஆகஸ்டில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தியேட்டர் திறப்பில் "ஐ காட் ரிதம்" வாசிக்கும் செய்திப்படத் துண்டு ஒன்று உண்டு. சிறியதுதான், ஆனால் கைகள் தெளிவாகத் தெரியும். அவர் வாசிப்பைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களைவிட அந்தத் துண்டு அதிகம் சொல்கிறது.

பியானோ கலைஞர் கோர்டோ, தெபுஸியின் "சில்ட்ரன்ஸ் கார்னர்" வாசிப்பதை மார்செல் லெர்பியே 1936-இல் படமாக்கினார். பதரேவ்ஸ்கி 1937-இல் வெளியான "மூன்லைட் சொனாட்டா" என்ற பிரிட்டிஷ் படத்தில் தன் சொந்தப் பாத்திரத்திலேயே நடித்து, கச்சேரியும் செய்கிறார். ஷோபானின் ஏ ஃப்ளாட் பொலோனேஸ் என்ற பியானோ இசை அதில் உண்டு. அதே பொலோனேஸை ரூபின்ஸ்டைன் 1947-இல் "கார்னகி ஹால்" படத்தில் வாசிக்கிறார். இருவருமே ரோல் பதித்தவர்கள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் கை எப்படி மாறியது என்பது புரியும். ஃபாட்ஸ் வாலருக்கு 1941-இன் சவுண்டீஸ் (பெட்டியில் காசு போட்டுப் பார்க்கும் பாட்டுப்படங்கள்), 1943-இன் "ஸ்டார்மி வெதர்". ஜோசஃப் ஹாஃப்மனுக்கு 1940-களின் நடுவில் எடுத்த, பெல் டெலிஃபோன் ஹவர் என்ற இசை நிகழ்ச்சியின் படம்.

ரக்மானினாஃப் வாசிக்கும் படம்?

ஒலியோடு எதுவும் கிடைத்ததில்லை. குடும்பத்தோடு இருக்கும் ஊமை வீட்டுப் படங்கள்தான் உண்டு. 1919 முதல் ஆம்பிகோவுக்கு ரோல் பதித்தார். இசைத்தட்டுகளும் நிறைய இருப்பதால் காதுக்குக் குறையில்லை. 1905-இல் வெல்டேவுக்குப் பதித்த மாலர், 1916-இல் பதித்த ஸ்காட் ஜாப்ளின் ஆகியோருக்கு அசையும் படமே இல்லை. "அபூர்வ வீடியோ" என்று யாராவது அனுப்பினால் நிழற்படத்தை ஆட்டி அசைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊமைப் படத்துக்கு மேல் அருமையான பியானோ ஒலி ஓடுகிறது. அது அவர் வாசித்ததுதானா?

அநேகமாக, அவர் பதித்த ரோலை இப்போதுள்ள பியானோவில் ஓடவிட்டுப் பதிந்த ஒலி. ரோல் அவருடையது, படமும் அவருடையது. ஆனால் படத்தில் அவர் அன்று வாசித்தது அதுவல்ல. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு. பின்னணிப் பாட்டுக்கு வாயசைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உறுத்தாது என்பதுதான் ஆபத்து.

ஒலியே காட்டிக்கொடுக்கும். 1930-க்கு முந்தைய ஒலியில் கரகரப்பு இருக்கும், கீழ் சுரங்கள் மெலிந்திருக்கும். ஸ்டீரியோவில் பளிச்சென்று கேட்டால் அது புதுப் பதிவு. அடுத்து இடது கையைப் பாருங்கள். வலது கை ஓட்டத்தை எதனோடும் பொருத்திவிடலாம். இடது கை கீழே ஒற்றைச் சுரத்தை அடித்துவிட்டு நடுவுக்குத் தாவும் இடத்தில் பொய் நிற்காது. நான்கைந்து தாவலை எண்ணினாலே போதும்.

பழைய படத்தில் எல்லோரும் ஏன் வெடுக் வெடுக்கென்று வாசிக்கிறார்கள்? சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊமைப்படங்களை நொடிக்கு 16 முதல் 22 பிரேம் வரை, பெரும்பாலும் கையால் சுழற்றி எடுத்தார்கள். ஒலி வந்தபிறகு 24 நிலைத்தது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம்: மூன்று நிமிட இசை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "அந்தக் காலத்தில் வேகமாக வாசித்தார்கள்" என்ற பேச்சில் பாதி இந்தக் கணக்குப் பிழையிலிருந்து பிறந்தது.

எந்த இசை என்பதை முதலில் விரல்களிலிருந்து படியுங்கள். பிறகு வேகம் குலையாத ஒரு பகுதியைத் தேர்ந்து, இடது கையின் தாள அடிகளுக்கிடையே பிரேம்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு அடி போதாது. எட்டு அடியாவது எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். சூத்திரம் எளிது: ஓர் அடிக்கு விழும் பிரேம்களை நிமிடத்துக்கான அடிகளால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நொடிக்கான பிரேம் கிடைக்கும். ஓர் அடிக்கு 9 பிரேம், நிமிடத்துக்கு 120 அடி என்றால் 9 × 120 ÷ 60 = 18.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்த 120 எங்கிருந்து வந்தது? அதே கலைஞரின் ரோலிலிருந்து எடுத்திருந்தால், "ரோலும் படமும் ஒரே வேகத்தில் இருக்கின்றன, ரோல் நம்பகமானது" என்று பிறகு சொல்ல முடியாது. ரோலை வைத்துத்தானே படத்தின் வேகத்தையே முடிவு செய்தோம்! இசைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றால் சரிபார்க்க வேண்டும்: நடந்து வருபவரின் காலடி, சுவரில் ஊசல் கடிகாரம், மேசையிலிருந்து தவறி விழும் பொருள். தாளம் கலைஞர் இஷ்டம். புவியீர்ப்பு யார் இஷ்டமும் இல்லை.

வேகம் முடிவானபின் எடிட்டிங் மென்பொருளில் அந்த பிரேம் வேகத்தைப் படத்தின் சொந்த வேகமாகக் குறித்துவிட்டு, பிரேம்களை இரட்டிக்கச் சொல்லுங்கள். 18-ஐ 24 ஆக்க, மூன்று பிரேமுக்கு ஒன்று இருமுறை வரும். அடுத்தடுத்த பிரேம்களைக் கலந்து குழைக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். அது விரல்களை ஆவியாக்கிவிடும். கையால் சுழற்றிய படத்தில் ஒரே காட்சிக்குள்ளும் வேகம் மாறும். காட்சிக்குக் காட்சி தனியாக எண்ண வேண்டும்.

அப்படியானால் ரோலின் வேகத்தையாவது நம்பலாமா?

ஓரளவுக்கு. ரோலின் தலைப்பில் "டெம்போ 70" என்று இருந்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி நீளம் நகர வேண்டும் என்று பொருள். 85 என்றால் எட்டரை அடி. ஆனால் காகிதம் சுற்றிக்கொள்ளும் உருளை தடிக்கத் தடிக்க, அதே சுழற்சியில் காகிதம் வேகமாக இழுபடும். ரோலைக் கணினியில் ஏற்றுபவர் இதைக் கணக்கில் எடுக்காமல் ஒரே வேகத்தில் ஓடவிட்டால், இசை கடைசியில் சோர்ந்து இழுக்கும். கலைஞர் களைத்துவிட்டார் என்று அதற்கு விமர்சனம் வேறு எழுதுவார்கள். இணையத்தில் கேட்கும் ரோல் ஒலியில் கடைசி நிமிடம் மட்டும் மந்தமாக இருந்தால் முதல் சந்தேகம் இதில்தான்.

இடது கையால் மெலடி வாசிக்கிறார், வலது கை தாளம் போடுகிறது. இடக்கைக்காரரா?

இல்லை, படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கிறது. சவுண்டீஸ் படங்களில் இது சகஜம். 1940 வாக்கில் மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும் பனோரம் என்ற பெட்டி வந்தது. பத்து சென்ட் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப்படம் ஒன்று ஓடும். ஒரு சுருளில் எட்டுப் படம். உள்ளே புரொஜெக்டர் கண்ணாடிகள் வழியாகத் திரையின் பின்பக்கம் படத்தை வீசியது. அதற்காகவே பிரதிகளை இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அந்தப் பிரதியைச் சாதாரண ஸ்கேனரில் போட்டால் ஃபாட்ஸ் வாலர் திரும்பிவிடுவார். பனோரம் செய்தது சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம். தானாக இசைக்கும் வயலின்-பியானோ இயந்திரம் செய்து பெயர் வாங்கியதும் அதே நிறுவனம்தான்.

சரிபார்க்க விசைப்பலகையின் ஓரங்களைப் பாருங்கள். நடுவில் பார்த்துப் பயனில்லை: இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்ற அடுக்கு கண்ணாடியிலும் அப்படியேதான் தெரியும். இடது ஓரத்தில் முதல் இரு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் கறுப்பு இருக்க வேண்டும். வலது ஓரத்தில் கடைசி இரு வெள்ளைகள் கறுப்பு இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஓரம் தெரியாவிட்டால் கிராண்ட் பியானோவின் மூடி: கீல் எப்போதும் கீழ்ச் சுரங்கள் இருக்கும் பக்கம், அதாவது வாசிப்பவரின் இடப்பக்கம். அதுவும் தெரியாவிட்டால் கோட்டுப் பொத்தான். ஆண்கள் கோட்டில் இடப்பாதி மேலே வரும்.

ஒலிப்படத்திலும் விரலும் ஒலியும் பொருந்தவில்லையே?

மூன்று காரணங்கள் சாத்தியம். முதலாவது, ஒலியை முன்பே பதிந்துவிட்டு அதற்கேற்பக் கையசைத்திருப்பார்கள். சவுண்டீஸ் அப்படித்தான் எடுக்கப்பட்டன. பிசகு ஒழுங்கில்லாமல் இருக்கும்; திருத்த முடியாது.

இரண்டாவது, பிரதி எடுக்கும்போது நடந்த சிங்க் பிழை, அதாவது ஒலியையும் படத்தையும் பொருத்துவதில் நடந்த பிழை. பிலிமில் ஒலித்தடம் தனக்குரிய படத்துக்கு நேரே இருக்காது, முன்னால் இருக்கும். 16 மி.மீ. பிலிமில் 26 பிரேம், 35 மி.மீ.யில் 20 பிரேம். இதை மறந்தால் முதலாவதில் ஒரு நொடிக்குச் சற்று மேலும், இரண்டாவதில் சுமார் 0.8 நொடியும் பிசகும். பிசகு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருந்தால் இதுதான். ஒலியை அந்த அளவு நகர்த்தினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, வைட்டாஃபோன். அங்கே ஒலி பிலிமிலேயே இல்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. பிலிம் அறுந்து நான்கு பிரேமை வெட்டி ஒட்டினால், அந்த இடத்திலிருந்து ஆறில் ஒரு நொடி பிசகு. அறிந்த ஆபரேட்டர்கள் போன பிரேம்களுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் கறுப்பு பிரேம் சேர்த்தார்கள். ஆகவே நடுவில் கறுப்பு பிரேம் கண்டால் அழுக்கு என்று நீக்கிவிடாதீர்கள்.

ரோலில் கேட்கும் சுரங்கள் படத்தில் தெரியும் பத்து விரல்களைவிட அதிகமாக இருக்கின்றன. எப்படி?

ரோல் என்பது காகிதம். எடிட்டர் கத்தியால் துளை சேர்க்கலாம், தவறான துளையை ஒட்டி அடைக்கலாம். நடன இசை ரோல்களில் மேல் சுர இரட்டிப்பும் அதிர்வுத் துளைகளும் சேர்ப்பது வழக்கமான வேலை. கலைஞரே ஒருமுறை வாசித்துவிட்டு அதன்மேல் மறுமுறை வாசிப்பதும் உண்டு. கெர்ஷ்வின் "ராப்சடி இன் ப்ளூ" டியோ-ஆர்ட் ரோலில் தனிப் பியானோவையும் வாத்தியக் குழுவின் பகுதியையும் சேர்த்து அவரே வாசித்திருக்கிறார். ஒரே நேரத்தில் விழும் துளைகளை எண்ணி, இரண்டு கைகளும் எட்டும் தூரத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அந்த இடத்தைப் படத்தோடு ஒப்பிடுவது வீண்.

இதன் மறுபக்கமும் சுவையானது. ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன், ஜேம்ஸ் பி. ஜான்சனின் "கரோலினா ஷௌட்" ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானாகத் தாழும் கட்டைகளில் விரல் வைத்தே அதைக் கற்றார். ரோல் எந்தக் கட்டை என்று சொன்னது. எந்த விரல் என்று சொல்லவில்லை. அதைப் படம்தான் சொல்லும்.

வீட்டில் பழைய பிலிம் கிடைத்திருக்கிறது. புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் அகலத்தைப் பாருங்கள். 35 மி.மீ.யாக இருந்து, ஓரத்தில் "சேஃப்டி" என்ற எழுத்து இல்லாவிட்டால் நைட்ரேட் என்றே நடத்துங்கள். 1950-களின் தொடக்கம் வரை அது புழக்கத்தில் இருந்தது. பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, நுரைக் கொப்புளம், கடைசியில் பொடி என்று அழுகும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. பீரோவில் வைக்காதீர்கள், கூரியரிலும் அனுப்பாதீர்கள். ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். கோடாக் 1923 முதல் விற்ற 16 மி.மீ. பிலிமில் இந்தப் பயம் இல்லை. அதற்கு வரும் நோய் காடி வாடை: பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

அடுத்து சுருக்கம். 16 மி.மீ.யில் 100 பிரேம் 762 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். மேசையில் விரித்து அளந்தால் 756 வந்தால் 0.8 சதவீதம் சுருங்கியிருக்கிறது. பற்சக்கரம் உள்ள எந்த இயந்திரமும் அதன் துளைகளைக் கிழிக்கும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காலத்தைக் கண்டறிய கோடாக் பிலிமின் ஓரக் குறி உதவும். வட்டம் 1916, சதுரம் 1917, முக்கோணம் 1918. இருபது ஆண்டுக்கு ஒருமுறை இதே குறிகள் திரும்ப வரும்: 1936-உம் வட்டம்தான். பிலிம் தயாரான ஆண்டை அது சொல்லும். படம் எடுத்த ஆண்டு அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவால் நொடிக்கு 60 பிரேமாக மெருகேற்றிய வீடியோவில் விரல் நுணுக்கத்தைப் படிக்கலாமா?

படிக்காதீர்கள். 18 பிரேமில் எடுத்த படத்தில் பாதி நேரம் ஷட்டர் மூடியிருந்தால், ஒவ்வொரு பிரேமும் நொடியில் 36-இல் ஒரு பங்கு மட்டுமே வெளிச்சம் வாங்குகிறது. இரு சுரங்களை மாறி மாறி வேகமாக அடிக்கும் டிரில்லில் நொடிக்குப் பத்து அடி விழுந்தால், ஓர் அடிக்கு இரண்டு பிரேம்கூடத் தேறாது. நடுவில் நடந்தது பிலிமில் இல்லவே இல்லை. மென்பொருள் அதைக் கற்பனை செய்கிறது: சில சமயம் ஆறு விரல், சில சமயம் கட்டைக்குள் உருகிப்போகும் கட்டைவிரல். அழகுக்குப் பார்க்கலாம்.

நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கல்பெப்பர் காப்பகம், ஃபாக்ஸ் மூவிடோன் செய்திப்படங்களுக்குத் தென் கரோலைனா பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் செய்திப்படங்களுக்கு பிரிட்டிஷ் பாத்தே. ரோல்களுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் மேரிலாந்தின் பன்னாட்டு பியானோ காப்பகமும். தேடும்போது கலைஞர் பெயரை மட்டும் போடாதீர்கள். செய்திப்படப் பட்டியல்களில் "கப்பலில் வந்திறங்கிய இசைக்கலைஞர்" என்ற ரகத்தில் தலைப்பு இருக்கும். ஊர், மாதம், அரங்கின் பெயர் ஆகியவற்றாலும் தேடுங்கள்.

காப்புரிமை?

அமெரிக்காவில் அந்தக் காலப் படங்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை இருக்கலாம். இந்தியாவில் திரைப்படத்துக்கு 60 ஆண்டு. காப்பகம் தரும் ஸ்கேனுக்குத் தனி நிபந்தனை இருக்கும், அதையும் படியுங்கள். ரோலை இன்று ஓடவிட்டுப் பதிந்த ஒலிக்கு, பதிந்தவரிடம் அனுமதி வாங்க வேண்டும். ரோல் என்பது இசைக்குறிப்பின் பிரதியே அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் சொன்னது. மறு ஆண்டே சட்டம் திருத்தி, ரோலுக்கு 2 சென்ட் என்று இசையமைப்பாளருக்குக் கூலி வைத்தார்கள்.

கால் தெரியாத படத்தில் பெடலை எப்படி அறிவது?

பக்கவாட்டுக் காட்சியில் மூடி திறந்திருந்தால் தந்திகளின்மேல் வரிசையாக நிற்கும் கறுப்பு டாம்பர்களை, அதாவது தந்தியின் அதிர்வை அடக்கும் கட்டைகளைப் பாருங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்று மட்டும் எழும். பெடல் மிதித்தால் வரிசை முழுக்க ஒன்றாக எழும். ரோலில் பெடல் துளைக்கு மிதித்தது, விட்டது என்ற இரண்டே நிலை. வரிசை பாதி மட்டும் எழுந்து நடுங்கி நிற்கும் அரைப் பெடலை, நல்ல பிரதி கிடைத்தால், படத்தில்தான் காண முடியும்.